எண்டோஸ்கோப் கருவி: கழுவிப் பயன்படுத்துவதா, ஒருமுறையோடு அகற்றுவதா? எதில் செலவு குறைவு?

மைசூரு: உடலின் உட்பகுதியைப் பரிசோதிக்கும் எண்டோஸ்கோப் கருவிகளில், கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்தும் வகையும், ஒருமுறை பயன்படுத்தியதும் அகற்றும் வகையும் உள்ளன. எது சிக்கனமானது என்பதை விலை மட்டுமின்றி, ஆண்டுக்கு எத்தனை பரிசோதனைகள் நடைபெறுகின்றன என்பதும் தீர்மானிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

மறுபயன்பாட்டுக் கருவியை ஒவ்வொரு முறையும் கசிவுச் சோதனை செய்து, நுண்குழாய்களைத் தூரிகையால் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி உலர்த்த வேண்டும். இதற்கான பணியாளர் ஊதியம், ரசாயனம், பழுதுநீக்கம் ஆகியவையும் செலவில் சேரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

எடுத்துக்காட்டாக, கருவியின் விலை ரூ.10 லட்சம், ஆண்டுப் பராமரிப்பு ரூ.1 லட்சம், ஆயுள் 5 ஆண்டுகள், ஒருமுறை கிருமிநீக்கம் செய்ய ரூ.1,000 எனக் கொள்வோம். ஆண்டுக்கு 400 பரிசோதனைகள் நடந்தால், ஒன்றுக்கு ரூ.1,750 செலவாகும். 40 மட்டுமே நடந்தால் ரூ.8,500 ஆகும். ஒருமுறைக் கருவிக்குக் கழிவகற்றல் உட்பட ரூ.6,000 ஆகும் எனில், ஆண்டுக்கு 60 பரிசோதனைகளில் இரண்டின் செலவும் சமமாகும்.

எனவே, மைசூரு கே.ஆர். மருத்துவமனை போன்று நோயாளிகள் அதிகம் வரும் இடங்களுக்கு மறுபயன்பாட்டுக் கருவியே சிக்கனமானது. மாதேஸ்வரன் மலைச் சாலையில் உள்ள கௌதள்ளி போன்ற ஊர்களுக்கு அருகே ஒரு சிறிய மருத்துவமனை இந்தச் சேவையைத் தொடங்கினால், கணக்கு மாறக்கூடும்.

தொற்று அபாயம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் உள்ள யுசிஎல்ஏ மருத்துவமனையில், பித்தநாளப் பரிசோதனைக்கான டியோடினோஸ்கோப் வழியாக மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி 7 பேருக்குப் பரவியது 2015-இல் தெரியவந்தது. அவர்களில் இருவர் உயிரிழந்தனர். இத்தகைய நிகழ்வுகளைத் தொடர்ந்து, முழுமையாக ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் டியோடினோஸ்கோப்புக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் முதன்முறையாக அனுமதி அளித்தது. தொற்று ஏற்பட்டால் ஆகும் கூடுதல் சிகிச்சைச் செலவு, கருவியில் மிச்சமான தொகையை விழுங்கிவிடும்.

கழிவும் கவனமும்

ஒருமுறைக் கருவிகளை 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அகற்ற வேண்டும். செலவைக் குறைக்க அவற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது ஆபத்தானது. மறுபயன்பாட்டுக் கருவியின் சிக்கனமும், கிருமிநீக்கம் முறையாக நடந்தால் மட்டுமே உண்மையான சிக்கனமாகும்.