செந்தேள் நஞ்சும் அதற்கான சிகிச்சையும்

கிராமப்புறங்களில் "பூச்சிக்கடி" என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் விபத்துகளுள் தேள் கொட்டுதலும் ஒன்றாகும். உயிரியல் முறைப்படி தேள் பூச்சியன்று. எட்டுக் கால்களையுடைய அது சிலந்தியின் உறவினம். இந்தியாவில் காணப்படும் தேள்களுள் பெரும்பாலானவை கடும் வலியைத் தருபவையே அன்றி உயிரைப் பறிப்பவை அல்ல. பார்ப்பதற்கு அச்சமூட்டும் பெரிய கருந்தேளாகிய நட்டுவாக்காலியின் நஞ்சுகூட நல்ல உடல்நிலை உள்ளவரைக் கொல்வதில்லை. ஆனால் அதைவிடச் சிறியதாய், மெல்லிய கொடுக்குகளும் தடித்த வாலும் கொண்ட செந்தேள் மிகவும் ஆபத்தானது. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரைப் பகுதி, கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு முதலிய இடங்களில் இது வாழ்கிறது. இதன் அறிவியற் பெயரிலேயே "தமுலஸ்" என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.

நஞ்சு செயற்படும் விதம்

செந்தேளின் நஞ்சு நரம்பு முனைகளில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. இதனால் நரம்புகள் இடைவிடாது தூண்டப்படுகின்றன. முதற்கட்டத்தில் வாந்தி, மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு ஆகியவை தோன்றும். ஆண்களுக்குக் குறி விறைத்து நிற்பதும் உண்டு. அடுத்து அட்ரீனலின் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் பெருமளவு கலக்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடுகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் தாங்கவொண்ணாப் பளுவுக்கு ஆளாகிறது. இறுதியில் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சுத் திணறலும், இருமலில் இளஞ்சிவப்பு நுரையும் இந்நிலையின் அடையாளங்களாகும்.

ஆகவே, வலியின் கடுமையைக் கொண்டு ஆபத்தை அளவிடுதல் தவறு. கடும் வலியால் துடிப்பவர் பிற அறிகுறிகள் இன்றிப் பிழைத்துக்கொள்ளலாம். அதிக வலி இல்லாமல், வியர்த்துக் குளிர்ந்து கிடக்கும் குழந்தையே ஆபத்தில் இருக்கிறது. நஞ்சின் அளவு ஒன்றாயினும் உடல் எடை குறைவாதலால் குழந்தைகள் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

கொங்கணத்தில் கண்ட தீர்வு

இந்நோயின் சிகிச்சையில் ஏற்பட்ட பெரும் மாற்றம் ஒரு கிராம மருத்துவரின் உழைப்பால் விளைந்தது. மகாராஷ்டிரத்தில் மஹாட் நகரை அடுத்த பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976-ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள் கொட்டியவர்களின் படுக்கையருகே இருந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து குறித்து வந்தார். இறந்தவர்கள் நுரையீரலில் நீர் கோத்தே இறந்தனர் என்பதை உணர்ந்தார். அவருடைய குறிப்புகள் 1982-இல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளியாயின.

உயர் இரத்த அழுத்தத்திற்கென உருவாக்கப்பட்ட பிராசோசின் என்ற மாத்திரை, சுருங்கிய இரத்தக் குழாய்களைத் தளர்த்தி நஞ்சின் விளைவை நேரடியாக எதிர்க்கும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இது குறித்த கட்டுரை 1986-இல் அதே இதழில் வந்தது. அதற்கு முன்னர் நஞ்சு தீவிரமாக ஏறியவர்களுள் கால் பங்கினருக்கும் மேல் இறந்து வந்தனர். இம்மாத்திரையை உரிய காலத்தில் கொடுத்தபோது அவ்விகிதம் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

செந்தேள் நஞ்சுக்கு முறிவு மருந்தும் இந்தியாவிலேயே தயாரிக்கப்படுகிறது. 70 நோயாளிகளிடம் மஹாடில் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஆய்வில், முறிவு மருந்தையும் பிராசோசினையும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்திற்குள் முழுக் குணம் அடைந்தனர். பிராசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அவ்வாறு குணமடைந்தவர்கள் 8 பேரே.

செய்ய வேண்டியவையும் தகாதவையும்

கொட்டிய இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். கயிற்றால் இறுகக் கட்டுதல், கீறி இரத்தம் வடித்தல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை பயனற்றவை, தீங்கும் விளைவிப்பவை. மந்திரித்தல் முதலியவற்றில் கழியும் நேரமே பல மரணங்களுக்குக் காரணமாகிறது. வாந்தி, வியர்வை, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு செல்லல் வேண்டும். அறிகுறி இல்லாத குழந்தையையும் 24 மணி நேரம் கண்காணிப்பது நலம்.

பிராசோசின் மருத்துவரின் பொறுப்பில் கொடுக்கப்பட வேண்டிய மருந்தாகும். குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற கணக்கில் அளித்து, நிலையைப் பார்த்து மீண்டும் தரப்படுகிறது. இம்மருந்தை உட்கொண்டவர் திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கக்கூடும்; எனவே படுத்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். நாடி வேகத்தை மேலும் கூட்டும் அட்ரோபின் ஊசி, செந்தேள் நஞ்சுக்கு ஏற்றதன்று.

தடுப்பு முறைகள்

செந்தேள் பகலில் கல்லிடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் விறகுக் குவியலிலும் ஒளிந்திருந்து இரவில் வெளிவரும். சுவர் வெடிப்புகளைப் பூசுதல், விறகையும் வைக்கோலையும் வீட்டைவிட்டுத் தள்ளி அடுக்குதல், தரையில் படுக்காமல் கட்டிலில் உறங்குதல், செருப்பையும் துணியையும் படுக்கையையும் உதறிப் பார்த்தல், இருளில் விளக்குடன் நடத்தல் ஆகியவை செலவில்லாத பாதுகாப்பு முறைகள். ஓடு, செங்கல், வைக்கோல் ஆகியவற்றைக் கையாளும் தொழிலாளர்கள் கையுறை அணிதல் நன்று.

செந்தேள் நஞ்சால் நேரும் மரணம் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. மருந்து விலை மலிந்தது, முறை எளியது. செந்தேள் வாழும் பகுதிகளில் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இம்மருந்து இருப்பில் உள்ளதா, இரவுப் பணியில் இருப்பவர் அதன் அளவை அறிந்துள்ளாரா என்னும் இரு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை கிடைப்பின், கொட்டுப்பட்ட குழந்தை பிழைத்து வீடு திரும்பும்.