சத்தம் கூடியது, இழுவை குறைந்தது!
சைலன்சரை மாற்றிய மோட்டார் சைக்கிளுக்கு என்ன வைத்தியம்?

வாலிபர் ஒருவர் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். கம்பெனி போட்டுக் கொடுத்த சைலன்சர் அவருக்குப் பிடிக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு, "டம டம" என்று முழங்கும் வேறு சைலன்சரை மாட்டுகிறார்.

தெருவே திரும்பிப் பார்க்கிறது. அவருக்குப் பெருமை!

அந்தப் பெருமை ஒரு வாரம்தான். வண்டி கிளம்பும்போது திக்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் "பட் பட்" என்று வெடிக்கிறது. என்ஜின் முன்பைவிட அதிகமாகச் சுடுகிறது.

மெக்கானிக்கிடம் ஓடுகிறார்.

"அண்ணே! சத்தம் கூடிவிட்டது. ஆனால், இழுவை குறைந்துவிட்டதே, ஏன்?"

"வண்டியின் மூச்சை மாற்றிவிட்டாய், தம்பி! அதன் மூளைக்குச் சொல்லவில்லையே!"

மோட்டார் சைக்கிளுக்கு மூளையா? ஆம், இருக்கிறது.

திருகாணி போயிற்று

பழைய வண்டிகளில் "கார்புரேட்டர்" இருந்தது. காற்று உள்ளே போகும் வேகத்தில் பெட்ரோலும் இழுக்கப்படும். கூடக் குறைய வேண்டும் என்றால் மெக்கானிக் திருகாணியைத் திருகுவார். அல்லது உள்ளே உள்ள "ஜெட்"டை மாற்றுவார்.

இப்போது கார்புரேட்டருக்குப் பதில் "இன்ஜெக்டர்" வந்துவிட்டது. அது பெட்ரோலைப் பூந்தூறல் போலப் பீய்ச்சும். 1980-ம் ஆண்டிலேயே ஜப்பானின் கவாசாகி கம்பெனி தனது மோட்டார் சைக்கிள் ஒன்றில் இதைப் பொருத்தியது. இந்தியாவில் 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி "பாரத் ஸ்டேஜ்-6" புகைக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு புது வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்டர்தான்.

எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது? அதை முடிவு செய்வது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதுதான் வண்டியின் மூளை!

மூளை ஏமாறுவது எப்படி?

1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இதுதான் கணக்கு.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் கருவி கிடையாது. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பார்த்து, கம்ப்யூட்டர் காற்றின் அளவை ஊகிக்கும். "இந்த வேகத்துக்கு இவ்வளவு பெட்ரோல்" என்ற அட்டவணை அதற்குள் எழுதப்பட்டு இருக்கும். அதற்கு "மேப்" என்று பெயர்.

அந்த அட்டவணை கம்பெனி சைலன்சருக்காக எழுதப்பட்டது. வேறு சைலன்சரில் புகை சுலபமாக வெளியேறினால், காற்று கூடுதலாக உள்ளே வரும். பெட்ரோலோ பழைய அளவுதான்! கலவை வறண்டுவிடும். திக்கலுக்கும் சூட்டுக்கும் அதுதான் காரணம். இப்படியே வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு கருகலாம், பிஸ்டனும் கெடலாம்.

புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறதே, அது திருத்தாதா? நிதானமான வேகத்தில் ஓரளவு திருத்தும். ஆனால், ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கும்போது, கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்பது இல்லை. அட்டவணையைத்தான் நம்புகிறது.

"பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அட்டவணை அதனால் மாறாது.

வைத்தியம் என்ன?

முதலில் குழாய் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். அங்கே கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் ஏமாந்து, வேண்டாத பெட்ரோலைக் கேட்கும். ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

பிறகு வண்டியை உருளைமீது ஏற்றி ஓட்டுவார்கள். அந்தக் கருவியின் பெயர் "டைனோ". சக்கரம் சுற்றும், வண்டி நகராது. குழாயில் நுட்பமான சென்சார் ஒன்றை வைத்துக் கலவையை அளப்பார்கள். அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் திருத்துவார்கள். முழு இழுவைக்கு 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போலக் கொழுப்பான கலவை கொடுப்பார்கள். திருத்தியபின் மறுபடியும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

அளக்காமல், காதால் கேட்டு மட்டும் பெட்ரோலைக் கூட்டினால்? பிளக்கில் கரி படியும். பெட்ரோல் செலவு ஏறும்.

பணம் போவது இருக்கட்டும்!

இவ்வளவும் செய்து கிடைப்பது என்ன? சைலன்சர் ஒன்றை மட்டும் மாற்றினால் கூடும் சக்தி பெரும்பாலும் சொற்பமே.

பல வண்டிகளில் புகையின் நஞ்சை முறிக்கும் கருவியும் சைலன்சர் குழாயோடு சேர்ந்தே இருக்கிறது. அதைக் கழற்றினால் அந்த நஞ்சு நம் தெருவில்தான் கலக்கும். தொட்டிலில் தூங்கும் குழந்தை சத்தத்தில் அலறி எழும்.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்டது. சத்தம், புகை விதிகளை மீறினால், முதல் தடவையே 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். "டியூனிங் செய்துவிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

வேகத்தில் ஆசை உள்ளவர்களுக்குப் பந்தய மைதானம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று உண்டு. கோவையிலும் உண்டு.

நம் வாலிபர் கடைசியில் என்ன செய்தார்?

"பழைய சைலன்சர் எங்கே, தம்பி?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பரணில் கிடக்கிறது, அண்ணே!"

"நல்ல வேளை, எடைக்குப் போடாமல் விட்டாய்! எடுத்து வா!"

அரை மணி நேரத்தில் அது மறுபடியும் வண்டியில் ஏறியது. அட்டவணையில் யாரும் கை வைக்காததால் வேறு செலவும் இல்லை.

வண்டி திக்காமல் கிளம்பியது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை!