எழுவதும் வீழ்வதும்

ஓசூருக்கு அண்மையில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை அமைந்துள்ளது. அதன் உயரம் 44.28 அடி. வெள்ளம் மிகுங்கால் மதகுகளைத் திறந்து வருநீரை வெளியேற்றுவர். கணிப்பொறியின் நினைவகமும் ஒருவகைத் தேக்கமே. ஆயினும், நிறைந்தவிடத்து நீர்போல் வழிந்தோட அதற்கு வழியில்லை. இடம் பெறாத மென்பொருள் வேலை செய்யாது நின்றுவிடும். அவ்வாறு நின்ற கணிப்பொறி ஒன்று செவ்வாய்க் கோளில் இருந்தது.

அமெரிக்க நாட்டு நாசா நிறுவனம் விடுத்த ஸ்பிரிட் என்னும் ஊர்தி, 2004 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள் செவ்வாயில் இறங்கிற்று. 21 ஆம் நாள் அதனுடன் இருந்த தொடர்பு குலைந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்தில் அன்று இடிமழை பெய்தமையால், பழி முதலில் மழைமேல் விழுந்தது! பின்னர் வந்த சில குறிகளால் உண்மை புலனாயிற்று. ஊர்தியின் கணிப்பொறி எழுவதும், எழுந்தவுடன் வீழ்வதும், மீண்டும் எழுவதுமாக அறுபது முறைக்கு மேல் தத்தளித்திருந்தது. இரவில் ஓய்வு கொள்ளாமையால் அதன் மின்கலமும் ஆற்றல் குன்றத் தொடங்கிற்று.

இதற்குக் காரணம் யாது? அக்கணிப்பொறியில் இருந்த நினைவகங்களுள் இரண்டை இங்கு அறிதல் வேண்டும். ஒன்று, மின்சாரம் நின்றாலும் செய்திகளைக் காக்கும் பண்டகசாலை போன்ற ஃபிளாஷ் நினைவகம். மற்றொன்று, வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம். கணிப்பொறி எழும்போதெல்லாம், பண்டகசாலையை ஆளும் மென்பொருள் அங்குள்ள கோப்புகளின் அட்டவணையைத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். ஏறக்குறைய ஏழு திங்கள் விண்வழிப் பயணத்தில் சேர்ந்த கோப்புகளோடு, செவ்வாயில் சேர்ந்தவையும் கூடின. கோப்பை அழித்தாலும் அட்டவணை சுருங்குவதில்லை. எனவே அது பெருத்தது; ஒதுக்கிய இடம் போதவில்லை; பணி நின்றது. உடனே கணிப்பொறி தன்னை அணைத்து மீண்டும் எழுந்தது.

கணிப்பொறி முரண்டு செய்தால் அதனை அணைத்து மீண்டும் இயக்குதல் பலர் வழக்கம். இங்கோ அம்மருந்தே நோயாயிற்று. அணைக்குந்தோறும் தற்காலிக நினைவகம் துடைக்கப்பட்டது. பருத்த அட்டவணையோ பண்டகசாலையில் அழியாது கிடந்தது. எழுந்த ஒவ்வொரு முறையும் அதே சுமை!

பாசடேனா நகரிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர் இதனை உய்த்துணர்ந்தனர். பண்டகசாலையைத் தொடாமலே எழுமாறு ஊர்திக்குக் கட்டளை விடுத்தனர். வானொலி அலை அங்குச் சென்று சேர ஏறத்தாழப் பத்து நிமிடங்கள். மறுமொழி வர மேலும் பத்து. ஊர்தி எழுந்தது, இம்முறை வீழவில்லை. வேண்டாத கோப்புகளை நீக்கிய பொறியாளர், பிப்ரவரித் திங்களில் பண்டகசாலை முழுவதையும் துடைத்துப் புதிதாக அமைத்தனர்.

தொண்ணூறு செவ்வாய் நாள்களுக்கென அனுப்பப்பட்ட அவ்வூர்தி, 2010 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22 ஆம் நாள் வரை புவியோடு பேசிற்று.