சிரிப்புக்கும் ஒரு றங்குப்பெட்டி

மாமாவின் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை, கொடிகாமத்தில் அவர் வீட்டு றங்குப்பெட்டியைத் திறந்தோம். மேலே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பழைய நிவாரண அட்டை. அடியில் ஒரு காக்கிச் சேட்டு, தோளில் மாட்டும் காசுப் பை, ஒரு கசற், நான்காக மடித்த நாடக நோட்டீஸ்.

"சேட்டை எறியாதை பிள்ளை. சனசமூக நிலைய விழாவில கொண்டக்டர் வேசம் போட்டவர். இரண்டாயிரத்தில ஓடேக்க அரிசியைக் குறைச்சுப்போட்டு இதைச் சைக்கிளில கட்டினவர். நான் அண்டைக்கு நல்லாப் பேசினனான்" என்றார் மாமி.

நோட்டீஸின் மூலையில் பேனையால் போட்ட இரண்டு கையெழுத்துகள் இருந்தன. யாருடையவை என்று கேட்டேன். மாமிக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் போய்விட்டார்.

அந்தக் கசற்றில் இருந்தது கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்'. பஸ் கொண்டக்டராக ஒருவரே நின்று நடிக்கும் அந்தத் தனிநடிப்பு, மேடையிலும் கசற்றிலும் யாழ்ப்பாணத்தைச் சிரிக்க வைத்தது. கரவெட்டியில் பிறந்த பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் காலமானார். அவரைப் பார்த்து எத்தனையோ ஊர் மேடைகளில் இளைஞர்கள் கொண்டக்டர் வேடம் கட்டினார்கள். மாமாவும் அவர்களில் ஒருவர்.

ஒரு பழைய சேட்டு எப்போது பாதுகாக்க வேண்டிய பொருளாகிறது? உலகம் இந்தக் கேள்வியை ஹொலிவூட்டில் கேட்டுப் பழகிவிட்டது. அங்கும் தொடக்கத்தில் உடுப்புகளுக்கு மதிப்பிருக்கவில்லை. ஒரு படத்துக்குத் தைத்ததைப் பிரித்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1970இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய உடுப்புகளும் பொருள்களும் ஏலம் விடப்பட்டபோதுதான், இவற்றுக்குக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று பலருக்கும் விளங்கியது. சார்லி சாப்ளினின் தொப்பியும் கைத்தடியும் 2012இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஏலமொன்றில் 62,500 டொலருக்குப் போயின.

அந்த விலை தொப்பிக்கு உரியதல்ல. அது சாப்ளினுடையது என்று காட்டும் சான்றுக்கு உரியது. அப்படிப்பட்ட தொப்பியைக் கடையிலும் வாங்கலாம். அதனால் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது, இது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதைத்தான். உடுப்பின் உட்பக்கம் நடிகரின் பெயர் தைத்திருக்கிறதா, அதே கறையும் அதே தையலும் படத்தில் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். கையெழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல நட்சத்திரங்களின் படங்களில் கையொப்பமிட்டவர்கள் அவர்களுடைய செயலாளர்கள். லோரல்–ஹார்டி இணையின் ஸ்டான் லோரல் இதற்கு மாறானவர். இரசிகர்களின் கடிதங்களுக்குத் தானே பதில் எழுதியவர். அந்தக் கடிதங்கள் ஏராளமாக மிஞ்சியிருப்பதால் அவருடைய கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

லோரல் பிறந்த இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிறிய ஊரில், பில் கியூபின் என்பவர் தான் சேர்த்து வைத்திருந்த பொருள்களை வைத்து ஒரு சிறு அருங்காட்சியகம் தொடங்கினார். ஆண்டு 1983.

அந்த ஆண்டு எங்களுக்கு வேறு ஒன்று. ஆடிக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான அந்த இடத்தோடு சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. நூல் நிலையம் எரிந்ததை நாங்கள் நினைவுகூருகிறோம், கூர வேண்டும். சிரிக்க வைத்த பொருள்களில் எவை எரிந்தன, எவை ஓடும் வழியில் விடுபட்டன என்று ஒரு பட்டியல்கூட எங்களிடம் இல்லை.

எங்களிடம் சிரிப்பு இல்லாமல் இருக்கவில்லை. 1976இல் வந்த 'கோமாளிகள்' படம், எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலி நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்தது. அதில் நடித்தவர்களை இன்றும் மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே சொல்கிறோம். முஸ்லிம் பேச்சுத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ் மூன்றும் ஒரே கதையில் ஒன்றையொன்று சீண்டிச் சிரித்தன. அப்படி ஒரு காலம் இருந்தது என்பதற்கும் அந்த நோட்டீஸ்களும் கசற்றுகளும் சாட்சி.

நிவாரண அட்டையை நாங்கள் பத்திரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. கச்சேரியில் கேட்பார்கள், விதானையார் கேட்பார், வெளிநாட்டில் அகதி வழக்கிலும் கேட்பார்கள். காக்கிச் சேட்டை ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் வீடு துப்புரவாக்கும்போது அது முதலில் குப்பைக்குப் போகிறது. போரில் தப்பியதை நாங்களே எரித்துவிடுகிறோம்.

வைத்திருக்கப் பெரிய செலவு இல்லை. துணியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டக்கூடாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்துக் கஞ்சி போட்ட பின் வைப்பதும் பிழை. கஞ்சி பூச்சியை அழைக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை இடைக்கிடை மாற்றி வைத்தால் போதும். நோட்டீஸுக்கு லமினேற் வேண்டாம். ஒட்டியதைப் பிறகு கழற்ற முடியாது. துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றிவிட்டு, விபரத்தைப் பின்பக்கம் பென்சிலால் எழுதலாம். பூஞ்சணம் பிடித்த கசற்றைப் போட்டுப் பார்க்கவே கூடாது, நாடா அறும். முதலில் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அச்சான தாள்களை எண்ணிம வடிவில் காக்க, 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது வேறு. யார் போட்டது, எந்த மேடை, எந்த ஆண்டு, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்டு, தொலைபேசியில் குரலைப் பதிய வேண்டும். ஊடகக் கற்கை படித்த நான், செய்திக்காக எத்தனையோ பேரின் இழப்பைப் பதிந்திருக்கிறேன். மாமாவிடம் "எந்த இடத்தில சனம் கூடச் சிரிச்சது?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே மாமியின் குரலைப் பதிந்தேன். இருபது நிமிடம். அரிசி குறைத்த கதையைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். சேட்டின் கழுத்துப் பட்டையின் உட்பக்கம், துண்டுத் துணியில் மாமாவின் பெயரை எழுதித் தைத்துவிட்டார்.

நோட்டீஸின் படத்தை ஊரில் இரண்டு முதியவர்களிடம் காட்டினேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நெடுநேரம் பார்த்து, "இந்த வளைவு தெரிஞ்ச வளைவாக் கிடக்கு" என்றார். பெயர் வரவில்லை. அவருடன் நடித்த ஒருவர் மீசாலையில் இருக்கிறாராம், எண்பது தாண்டிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸோடு அங்கே போகிறேன்.