விதைச் சுதந்திரம்

குடியானவன் தன் நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கை அடுத்த போகத்திற்கு விதையாக எடுத்து வைப்பது குற்றமாகுமா? உழவுத் தொழில் தோன்றிய நாள் முதலாக எவரும் கேட்டிராத இக்கேள்வி 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆமதாபாத் வர்த்தக நீதிமன்றத்தில் எழுந்தது. பெப்சிகோ என்னும் அமெரிக்கக் கம்பெனியின் இந்தியக் கிளை, குஜராத்தில் சாபர்காண்டா ஜில்லாவைச் சேர்ந்த நான்கு விவசாயிகள் மீது வழக்குத் தொடுத்தது. வறுவலுக்கென்று தான் பதிவு செய்து வைத்திருக்கும் எப்.எல். 2027 என்னும் உருளைக்கிழங்கு ரகத்தைத் தன் அனுமதியின்றிப் பயிரிட்டார்கள் என்பது புகார். ஒவ்வொருவரும் 1 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு தரவேண்டுமென்று கம்பெனி கோரிற்று. சில ஏக்கர் நிலத்தைக் கொண்டு ஜீவனம் செய்பவனிடம் கோடி ரூபாய் கேட்பது, அது வசூலாகுமென்ற நம்பிக்கையினால் அன்று. ஏனைய குடியானவர்கள் கண்டு அஞ்சவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கற்பிக்க நம்மால் இயலவில்லை.

சட்டம் சொல்வது என்ன? உலக வர்த்தக ஸ்தாபனத்தின் உடன்படிக்கைக்கு இணங்கி, பயிர் ரகங்களுக்கு உரிமை வழங்கும் சட்டமொன்றை இந்தியா 2001-ல் இயற்றியது. ஆனால் மேல்நாட்டுச் சட்டங்களை அப்படியே எழுதிக்கொள்ளாமல், விவசாயிகளின் உரிமைகளையும் அதில் சேர்த்தது நம் பார்லிமெண்டு. பதிவு செய்யப்பட்ட ரகமாயினும், அதன் விளைச்சலையும் விதையையும் விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்து கொள்ளலாம், விற்கலாம் என்று அதன் 39-வது பிரிவு கூறுகிறது. கம்பெனியின் பெயரும் முத்திரையும் இட்ட விதையென்று விற்பது மட்டுமே கூடாது. பதிவான ரகமென்று அறியாமல் பயிரிட்டவன் உரிமையை மீறியவனாக மாட்டான் என்று 42-வது பிரிவு மேலும் பாதுகாப்புத் தருகிறது. இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், விவசாயிகளுக்கு எதிராக நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது. உரிமை ஏட்டில் இருப்பது ஒன்று. ஏழையின் கைக்கு அது எட்டுவது வேறொன்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்?

புதிய ரகத்தைக் கண்டுபிடிப்பவர் பணமும் காலமும் செலவிடுகிறாரே, அவருக்குப் பலன் வேண்டாமா என்று கம்பெனியின் சார்பில் வாதிப்போர் கேட்கிறார்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நியாயமான பலனைச் சட்டமே அளித்திருக்கிறது. ஆனால் உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழ்ந்த குடியானவர்கள் பல்லாயிரம் வருஷங்கள் காட்டுக்கிழங்கைப் பொறுக்கியெடுத்துப் பேணி வளர்த்து, உண்ணத்தக்க பயிராக்கி உலகத்துக்குத் தந்தார்கள். அவர்களுக்கு எந்தக் கம்பெனி காணிக்கை செலுத்திற்று? ஆயிரம் தலைமுறைகள் கட்டிய வீட்டுக்குக் கடைசியில் வந்து வர்ணம் பூசியவன், வீடு முழுவதும் தனதென்று பாத்தியதை கொண்டாடுவது நியாயமாகாது. மேலும், உருளைக்கிழங்கில் விளைச்சலும் விதையும் ஒன்றே. உணவுக்கென்று தோண்டியெடுத்த கிழங்குதான் மறுவருஷம் நிலத்தில் ஊன்றப்படுகிறது. அதன்மீது தடை விதிப்பது, விளைந்ததன் மீதே விவசாயிக்குள்ள உரிமையைப் பறிப்பதாகும்.

வழக்கின்போது கம்பெனி ஒரு சமரசம் கூறிற்று. விவசாயிகள் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தனக்கே பயிரிட வேண்டும்; இல்லாவிடில் அந்த ரகத்தைக் கைவிட வேண்டும் என்றது. இதைக் கேட்கும்போது சம்பாரண் நினைவுக்கு வருகிறது. ஒரு பிகாவின் 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் அவுரியே பயிரிடவேண்டுமென்று வெள்ளைக்கார முதலாளிகள் அங்கே குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி வந்தார்கள். 1917-ல் காந்தியடிகள் சென்று போராடிய பிறகே அக்கொடுமை ஒழிந்தது. அன்று தடியைக் காட்டினார்கள். இன்று ஒப்பந்தத்தையும் வக்கீல் நோட்டீஸையும் காட்டுகிறார்கள். தன் வயலில் எதை விதைப்பதென்று தீர்மானிக்கும் அதிகாரம் உழுகிறவனிடமிருந்து போய்விடுகிறது என்பதில் இரண்டும் ஒன்றே.

குஜராத் விவசாயிகள் அடங்கிப் போகவில்லை. தேசமெங்குமுள்ள விவசாய சங்கங்கள் அவர்கள் பக்கம் நின்றன. அவ்வருஷம் மே மாதத்திலேயே கம்பெனி வழக்கை வாபஸ் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு அதிகார சபை அந்த ரகத்தின் பதிவையே ரத்துச் செய்தது. 2023-ல் டில்லி ஹைகோர்ட்டின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அம்முடிவை மாற்றிக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பதிவைப் பற்றியதே. 39-வது பிரிவு அளித்த உரிமை அப்படியே இருக்கிறது. எனினும் பயமுறுத்தும் வழி அடைபடவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எதிரே நிற்போரின் பலத்தையும் அறிதல் வேண்டும். 2018-ல் பேயர் கம்பெனி மான்சாண்டோவை விலைக்கு வாங்கிற்று. அதற்கு முந்திய வருஷம் சீனத்துக் கம்பெனியொன்று சின்ஜென்டாவை வாங்கிற்று. விதையும் பூச்சி மருந்தும் ஒரே கையில் சேர்ந்துவிட்டன. நம் நாட்டிலோ, 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நிலவுடைமைகளில் 100-க்கு 86, 2 ஹெக்டேருக்குக் குறைந்தவை. தனித்தனியே நின்றால் இச்சிறு குடியானவர்களால் என்ன செய்ய முடியும்?

சேர்ந்து நின்றால் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில், 2018-ல் காலஞ்சென்ற நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ விதை நெல் கொடுப்பார்கள். மறுவருஷம் அவன் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இந்தச் சிறு ஏற்பாட்டினால் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் எந்தக் கம்பெனியின் தயவிலும் பிழைக்கவில்லை.

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்லுவது இதுதான்: 39-வது பிரிவைத் தமிழிலும் மற்றப் பாஷைகளிலும் அச்சிட்டு ஒவ்வொரு கிராமத்துக்கும் அனுப்புங்கள். விவசாயி மீது இத்தகைய வழக்கு வந்தால் அவனுக்காக வாதாடும் செலவை அரசே ஏற்கட்டும். எந்த அந்நிய வர்த்தக உடன்படிக்கைக்காகவும் இவ்வுரிமையின் ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். குடியானவர்களுக்கு நாம் சொல்லுவது: ஊருக்கு ஒரு விதைக் களஞ்சியம் வையுங்கள். விதையைப் பிறன் கையில் விட்ட தேசம் சோற்றையும் அவன் கையிலேயே விட்டதாகும்.