உங்களுக்குத் தெரியுமா? எமல்ஷனில் விழும் வேண்டாத புள்ளிகள்

1945-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்து எக்ஸ்ரே ஃபிலிம்கள் சில, பெட்டியைப் பிரிக்குமுன்பே புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தன. ஃபிலிமில் குறையில்லை. கோளாறு, பொதிந்திருந்த வைக்கோல் அட்டையில். அந்த ஜூலையில் நியூ மெக்ஸிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் கதிரியக்கத் தூசு காற்றோடு போய், இண்டியானாவில் அட்டை ஆலை பயன்படுத்திய ஆற்று நீரில் கலந்துவிட்டது. சீரியம்-141-தான் காரணம் என்று துப்புத் துலக்கியவர் கோடாக்கின் ஜூலியன் வெப்.

ஆட்டோரேடியோகிராபி செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி தினமும் உண்டு. கதிரியக்கம் ஏற்றிய திசுவின் மேல், ஃபிலிமில் உள்ளது போன்ற ஒளியுணர் வெள்ளி உப்புக் கலவையான எமல்ஷனைப் பூசி இருட்டில் வைப்பார்கள்; திசுவின் கதிர் பட்ட இடம் டெவலப் செய்ததும் கறுப்புப் புள்ளியாகும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் படமெடுக்க ஜான் கெய்ர்ன்ஸ் சுமார் 2 மாதம் காத்திருந்தார். 1963-இல் அந்தப் படங்கள் வெளிவந்தன. காத்திருக்கும் நாளெல்லாம் காஸ்மிக் கதிரும் கண்ணாடியிலுள்ள பொட்டாசியமும் தம் பங்குக்குப் புள்ளி வைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு.

பழைய புள்ளியை அழிக்கவும் வழி உண்டு. ஈரக்காற்றோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியோ பட்டால், டெவலப் ஆகாமல் ஒளிந்திருக்கும் வெள்ளித் துணுக்குகள் ஆக்சிஜனேற்றமடைந்து கரைந்துபோகும். இத்தாலியில் நியூட்ரினோ தேடிய ஒபேரா சோதனைக்காக, ஜப்பானின் டோனோ சுரங்கத்தில் லட்சக்கணக்கான எமல்ஷன் ஃபிலிம்களை ஏறக்குறைய 98 சதவீத ஈரப்பதத்தில் வைத்துத் துடைத்தெடுத்தார்கள். காஸ்மிக் கதிர் மறுபடி சேராதிருக்கத்தான் சுரங்கம்.

அதே ஈரம் பிறகு வந்தால் உண்மைப் புள்ளியும் போய்விடும்! அதனால்தான் திசுவின் மேல் பூசிய ஸ்லைடுகளைச் சிலிக்கா ஜெல்லோடு, 4 டிகிரி குளிரில் அடைத்து வைப்பது.

புள்ளி கூடினால் பலரும் முதலில் டெவலப்பரைச் சந்தேகிப்பார்கள். உலர்த்திய வேகத்தையும் பார்க்க வேண்டும். அவசரமாக உலர்த்தினால் எமல்ஷனிலுள்ள ஜெலட்டின் சுருங்கி வெள்ளி உப்புப் படிகங்களை நெருக்கும். அந்த அழுத்தமே புள்ளியாகும்.

எதையும் நம்புமுன் கூடவே இரண்டு ஸ்லைடுகள் வேண்டும். கதிரியக்கமில்லாத திசு வைத்தது ஒன்று: அதில் புள்ளி தெரிந்தால் அது பொய்ப்புள்ளி. இன்னொன்றை வேண்டுமென்றே வெளிச்சத்தில் காட்டிவிட்டு மற்றவற்றோடு வைக்க வேண்டும். அது முழுக்கக் கறுக்காமல் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தால், திசுவிலுள்ள ரசாயனமோ ஈரமோ புள்ளிகளைத் தின்றிருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் ஆய்வகங்களில் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். புள்ளியே இல்லாத சுத்தமான படத்தைச் சோதிக்க அது ஒன்றுதான் இருக்கிறது.