வலித்தால் சொல்லுங்கள்

உடம்போடு ஒரு பேச்சு – 9

சென்ற வாரம் நாற்காலியில் உட்காரும் முறையைப் பார்த்தோம். அது தெரியாமலே நான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். சென்னையில் வீடு வேளச்சேரி, அலுவலகம் தரமணி. நாளெல்லாம் திரைக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாலையில் ஹெல்மெட்டோடு விஜயநகர் நெரிசல். ஒருநாள் காலை கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு மசாஜ் நிலையத்துக்குப் போனேன். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, தோள்பட்டையில் முழங்கையை ஊன்றி அழுத்தினார்கள். உயிர் போய் உயிர் வந்தது. வலித்தால்தான் பலன் என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பவில்லை.

அந்த நம்பிக்கை தவறு. நம்மில் பலரிடம் அது இருப்பதால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதலை எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் தடித்தவை, வேகமானவை. வலியைச் சுமக்கும் இழைகள் மெல்லியவை. தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடுதலின் சேதி வந்து சேர்ந்தால், வலிக்கு அந்தக் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. பிடித்துவிடும்போது கிடைக்கும் சுகத்தில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் அளவு மீறி அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள விறைத்துக்கொள்ளும். விறைத்ததை மேலும் அழுத்தினால் கன்றிப்போகும்.

பிறகு ஒரு சித்த மருத்துவரிடம் போனேன். கை வைப்பதற்கு முன் கால் மணி நேரம் கேள்விதான். "வலி கைக்கு இறங்குதா? விரல் மரத்துப்போகுதா? பிரஷர், சுகர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. காய்ச்சல், எலும்பு முறிவு, தோல் தொற்று இருந்தால் பிடித்துவிடக் கூடாது. காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடலாம். கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போக வேண்டும்.

சித்த மருத்துவத்தில் பிடித்துவிடும் சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். 32 புற மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எல்லோருக்கும் ஒன்பதும் செய்வதில்லை. நோயையும் உடம்பையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். கடைப் பலகைகளில் நாம் பார்க்கும் 'ஸ்வீடிஷ் மசாஜ்' முறைகளைத் தடவுதல், பிசைதல், தட்டுதல் என்று வகைப்படுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் மெட்ஸ்கர். நம் தட்டல் அங்கும் இருக்கிறது.

எனக்கு முதலில் இளஞ்சூடான தைலத்தைத் தடவி, கழுத்திலிருந்து தோளுக்கு மெதுவாக நீவினார்கள். தசை சூடேறிய பிறகே பிசையத் தொடங்கினார்கள். தோளுக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. கட்டைவிரல் அங்கே நின்றது.

"பத்துக்கு எவ்வளவு வலிக்குது சார்?"

"ஏழு."

விரல் லேசானது. "இப்போ?"

"அஞ்சு."

"இதுக்கு மேல போக வேணாம். மூச்சை மெதுவா விடுங்க."

அரை நிமிடம் அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தார்கள். முடிச்சு இளகியது எனக்கே தெரிந்தது.

சில குறிப்புகள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள். பிடிக்கும் இடம் தவிர மற்ற இடம் துணியால் மூடியிருக்க வேண்டும். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. மறுநாள் லேசான வலி இருக்கலாம். அது இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கை கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முடிவெட்டிய பின் சலூனில் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பார்களே, அதற்குத் தலையைக் கொடுக்கவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்துவிடக்கூடும்.

வேளச்சேரிக்காரர்கள் பள்ளிக்கரணை, மேடவாக்கம் வழியாகப் போனால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். நகருக்குள் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. பலகையைப் பார்த்து நுழைவதைவிட, மருத்துவர் பரிசோதித்து அனுப்பும் இடத்துக்குப் போவது நல்லது.

தொக்கணம் வலியைத் தணிக்கும். உட்காரும் முறையை மாற்றாவிட்டால் வலி திரும்ப வரும். எனக்கும் ஒருமுறை வந்தது. இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. எண்ணைச் சொன்னேன், கை அதற்கேற்ப இளகியது.

வீட்டில் பாட்டிக்குக் கால் பிடித்துவிடும்போது நீங்களும் கேட்டுப் பாருங்கள்: "பத்துக்கு எவ்வளவு பாட்டி?" தாங்கிக்கொண்டே பழகியவர்கள் அவர்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்த வாரம்: ஒற்றடம் – எப்போது சூடு, எப்போது குளிர்?